வெறும் தராசு காட்டிய எடை

தராசில் குழந்தை இல்லை. ஆனாலும் முள் மூன்று கிலோவுக்குச் சற்று முன்னால் போய் நின்றிருந்தது.

லமிசி கயிற்றை அவிழ்த்து, டவடவா மரத்தின் தாழ்ந்த கிளையில் வேறோர் இடம் பார்த்துக் கட்டினாள். பிள்ளைகளை உட்காரவைக்கும் நீலத் துணிக் கால்சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்தால் முள் சுழியத்துக்கு வந்தது. மாட்டினால் மறுபடியும் மூன்றை நோக்கி ஏறியது. கால்சட்டைக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்த்தாள். மண்ணில்லை, கல்லில்லை. துணி மட்டும், இப்போதுதான் ஒரு பிள்ளையைத் தூக்கியெடுத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

ஹர்மட்டான் காற்று தொடங்கி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. வடக்கேயிருந்து வரும் பாலைவனப் புழுதி வானத்தை மூடி, காலை பத்து மணிச் சூரியனைத் தேய்ந்த தகரத் தட்டு மாதிரி ஆக்கியிருந்தது. அறுவடை முடிந்த வயல்களில் கம்புத் தட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும், எங்கோ கினிக்கோழிகள் விடாமல் கத்துவதும், மரத்தடியில் காத்திருந்த நாற்பது தாய்மார்களின் முதுகிலிருந்து பிள்ளைகள் இருமுவதும், எல்லாமே ஒரு கனத்த போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல மங்கித்தான் லமிசிக்குக் கேட்டன. மழைக்காலம் முடிந்ததிலிருந்தே அவளுக்கு எல்லாம் அப்படித்தான் கேட்டது.

மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வரும் நர்ஸ் ஃபெலிசியா, மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, தராசை விரலால் சுண்டிப் பார்த்தாள். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றாள்.

“எல்லாருக்கும் ரெண்டு கிலோ தொள்ளாயிரம் கழிச்சு எழுது, போதும். நேரமாகுது.”

லமிசி கழித்து எழுதினாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம். அந்த எண்ணை அவள் ஏற்கெனவே ஒரு முறை தன் கையால் எழுதியிருக்கிறாள், தன் மகள் அசிபி பிறந்த அன்று, அவளுடைய அட்டையின் முதல் வரியில். அது நினைவுக்கு வந்தது. பாதையில் ஒரு ஆடு குறுக்கே போவதைப் பார்ப்பதுபோல அந்த நினைவைப் பார்த்தாள். அது போய்விட்டது. அடுத்த பிள்ளையைத் தூக்கி மாட்டினாள்.

அகும்பீசி ஊருக்கு அவள் ஐந்து வருடமாகச் சுகாதாரத் தொண்டர். ஊருக்கு வாழவந்த பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், ஊர்க்கூட்டத்தில் அவள் பெயரைச் சொன்னார்கள். ஒரு சைக்கிள், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், மருந்துக்கு ஒரு தகரப் பெட்டி தந்தார்கள். விடிந்ததும் கிளம்பி, மண்சுவருக்குள் குடில்கள் கூடிநிற்கும் வளவு வளவாகப் போவாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா மாத்திரை கொடுப்பாள். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் காட்டுவாள். கிழிந்த கொசுவலைகளைத் தைத்துக் கொடுப்பாள். பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் ஒரு பெரிய நோட்டில் எழுதுவாள்.

செப்டம்பரில் ஆறு பெருகி ரோடு அறுந்தபோது பெட்டியில் ஒரே ஒரு மாத்திரை அட்டை மிச்சமிருந்தது. அன்று காலை தெனியின் மகன் அதிங்காவுக்குக் காய்ச்சல். தெனி, லமிசியின் கணவனுடைய அண்ணன் மனைவி. ஒரே வளவு, எதிரெதிர் குடில். லமிசி யோசிக்கவில்லை, கொடுத்தாள். சாயங்காலம் அசிபிக்கு உடம்பு கொதித்தது. ஆற்றைக் கடக்க வழியில்லை. மூன்றாம் நாள் லமிசி நோட்டை எடுத்து, மற்றவர்களை எழுதும் அதே நேரான எழுத்தில், நான்கு மாதம், பெண், காய்ச்சல் என்று எழுதினாள். அவள் அழுவதற்காகப் பெண்கள் கூடி உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதுவரை அசிபியம்மா என்று கூப்பிட்டவர்கள் மறுபடியும் லமிசி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதையும் அவள் கவனித்தாள், அவ்வளவுதான்.

டிசம்பரில் நர்ஸ் புதுத் தராசு கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து, தானே கிளையில் கட்டி, புதுக் கால்சட்டையை மாட்டினாள். முள் நான்கு கிலோ அறுநூறில் போய் நின்றது.

வரிசையில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நர்ஸ் கயிற்றைத் திட்டினாள், காற்றைத் திட்டினாள், கிளையைத் திட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி லமிசியிடம் கேட்டாள்.

“இத நான் ஆபீஸ்ல என்னன்னு எழுதுறது? யார்கிட்டயும் சொல்லாத. கழிச்சுப் போடு.”

கழித்தபோது அந்த மாதம் ஒரு பிள்ளைக்கும் எடை ஏறியிருக்கவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நல்ல அறுவடை, குதிர்களில் கம்பு நிறைய இருந்தது, தாய்மார்களுக்குப் பாலுக்கும் குறைவில்லை. இருமல் காலம் அல்லவா என்றாள் நர்ஸ். அவள் கிளம்பிப் போனபின் லமிசி தராசை அவிழ்க்கப் போனாள். காற்று நின்றிருந்தது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. கயிறு மட்டும் முனகியது. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டுகிற கதியில், இப்படியும் அப்படியுமாக, கிளையில் உரசி உரசி முனகியது. ஊர் வழக்கப்படி வெண்ணெய் தடவிய பிள்ளைத் தலைமுடியின் மணமும், துணியில் புளித்துப்போன பாலின் மணமும் வந்தன. கீழே பார்த்தாள். புழுதி வெயிலில் எதற்குமே சரியான நிழல் விழாத அந்த நேரத்தில், கால்சட்டைக்குத் தெளிவான நிழல் விழுந்திருந்தது. கால்சட்டை முழங்காலோடு முடிந்துவிடும். நிழல் முடியவில்லை. இரண்டு சின்னப் பாதங்கள் வரை போனது.

லமிசி கொக்கியைக் கழற்றினாள். துணியை மடித்தாள். பெட்டியில் வைத்தாள். பயந்திருக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது.

ஜனவரியில் முள் ஆறைத் தாண்டியது.

அன்று மத்தியானம் குடிலின் தரையில் உட்கார்ந்து, எழுதாத ஒரு வளர்ச்சி அட்டையை எடுத்து, மூன்று மாதமும் வெறும் தராசு காட்டிய எடைகளைப் புள்ளி புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தாள். எதற்காகச் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அழகான கோடு. நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கி வளரும் பிள்ளையின் கோடு. அந்த ஊரில் ஐந்து வருடமாக அவள் போட்ட எந்த அட்டையிலும் கோடு அப்படி ஏறியதில்லை. பக்கத்தில் மற்ற நாற்பது அட்டைகளையும் பரப்பினாள். எல்லாக் கோடுகளும் ஒரே மாதத்திலிருந்து தலைகுனிந்திருந்தன. எல்லாவற்றையும்விடச் செங்குத்தாக இறங்கியிருந்தது அதிங்காவின் கோடு.

வாசலில் நிழல் தட்டியது. தெனி நின்றிருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அதிங்காவின் கழுத்து தலையைத் தாங்கவில்லை. கண்கள் மட்டும் பெரிதாகி, லமிசியின் முகத்தை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“எம்மேல கோவம் இருந்தா சொல்லிடு லமிசி. வாயத் தொறந்து திட்டு. இப்படிச் சும்மா பாத்துக்கிட்டே இருக்காத.”

“கோவம் இல்லக்கா. ஒண்ணுமே இல்ல.”

“அதான்டி பயமா இருக்கு,” என்றாள் தெனி.

அதன்பிறகு லமிசி தராசைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, அதைச் சாக்கில் கட்டி, கம்புக் குதிருக்குள் தானியத்துக்கு அடியில் புதைத்தாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவள் வளவு வளவாகப் போகும்போதே கண்ணுக்குத் தெரிந்தது. மேற்கு வளவில் இரட்டைப் பிள்ளைகளின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. கிணற்றடி வீட்டுப் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. பால் குடித்தார்கள், கஞ்சி குடித்தார்கள், குடித்ததெல்லாம் வேறெங்கோ போனது. லமிசியின் கணவனும் தெனியின் கணவனும் அறுவடை முடிந்ததும் வேலை தேடித் தெற்கே குமாசிக்குப் போயிருந்தார்கள். போனில் கணவன் எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது, நன்றாக இருக்கிறேன் என்றாள். பொய் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் நர்ஸ் வந்து அதிங்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உடனே பொல்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். சீட்டில் எடை எழுத வேண்டும், தராசை எடு என்றாள். லமிசி குதிரிலிருந்து தோண்டியெடுத்தாள். கிளையில் கட்டினாள். கால்சட்டையை மாட்டினாள். கிளை ஒரு சாண் தாழ்ந்தது.

முள்ளை யாரும் படிக்கவில்லை. நாற்பது தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளை முதுகிலிருந்து மார்புக்கு மாற்றிக்கொண்டு, பின்னால் நகர்ந்து போய் நின்றார்கள். நர்ஸ் தன் மோட்டார் சைக்கிளின் மேல் கை வைத்திருந்தாள். தெனி மட்டும் நகரவில்லை. அவளுக்கு நகரத் தெம்பில்லை. மண்ணில் உட்கார்ந்து, மடியில் கிடந்த பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

லமிசி தராசைப் பார்த்தாள். அதிங்காவைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் சுற்றியிருந்த மேல்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கால்சட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஊரில் எல்லாப் பெண்களும் பிள்ளையை முதுகில் ஏற்ற எப்படிக் குனிவார்களோ அப்படிக் குனிந்தாள்.

“வாம்மா,” என்றாள். “போதும் தொங்குனது. அம்மாகிட்ட வா.”

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கயிறு முனகுவது நின்றது. முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு கன்னம் வந்து ஒட்டியது. சின்ன முழங்கால்கள் விலாவை அணைத்தன. பிடரியில் ஈரமான மூச்சு. லமிசி துணியைச் சுற்றி மார்பின் மேல் முடிச்சுப் போட்டாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அழுதாள். மண்ணில் மண்டியிட்டு, வாய் திறந்து, சத்தம் போட்டு அழுதாள். உடுப்பின் முன்பக்கம் பாலில் நனைந்தது.

யாரோ முள் சுழியத்துக்கு வந்துவிட்டது என்று மெல்லச் சொன்னார்கள்.

அதிங்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே, வழியில், மோட்டார் சைக்கிளில் தாயின் முதுகில் இருந்தபடியே பசித்து அழுதானாம். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். மார்ச் மாதம் எடை போட்டபோது எல்லாக் கோடுகளும் தலைநிமிர்ந்திருந்தன. புதுச் சத்துமாவின் பலன் என்று நர்ஸ் எழுதிக்கொண்டு, லமிசியின் முகத்தைப் பாராமல் போய்விட்டாள்.

ஊர் அவளுக்கு நன்றி சொன்னது. வாயால் இல்லை. விடியும்போது அவள் குடில் வாசலில் கினிக்கோழி முட்டைகளும், ஒரு உருண்டை வெண்ணெயும், சுரைக் கிண்ணத்தில் மூடிவைத்த, கம்பு மாவு கரைத்த தண்ணீரும் இருக்கும். வைத்தவர் யாரென்று தெரியாது. எதிரே வந்தவர்கள் எப்போதும்போல நின்று, வீட்டில் எல்லோரும் நலமா, வயல் நலமா, ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்று வரிசையாக விசாரித்தார்கள். விசாரித்து முடித்ததும் பாதையை விட்டு இறங்கி வயல்வழியே சுற்றிப் போனார்கள். அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

தெனி தினமும் களி கிண்டி இரண்டு கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தாள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. லமிசி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சில நாட்களில் சின்னக் கிண்ணத்துக்குப் பதில் நடுத்தரமான ஒன்று வந்தது. பிறகு இரண்டும் ஒரே அளவு. இரண்டும் காலியாகத்தான் திரும்பிப் போயின. தான் ஒரு கவளத்துக்கு மேல் சாப்பிட்டதாக லமிசிக்கு நினைவில்லை.

முதல் சில நாட்கள் அது அவளுக்குச் சுகமாக இருந்தது. சைக்கிளில் போகும்போது பிடரியில் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. வளவுகளில் மற்றப் பெண்களோடு உட்காரும்போது, தன்னையறியாமல் முழங்காலை ஆட்டி ஆட்டித் தாலாட்டினாள். இருமல் கேட்டது, கினிக்கோழி கத்துவது கேட்டது, உலகத்தை மூடியிருந்த போர்வை விலகியிருந்தது.

பிறகு சைக்கிளின் பின்சக்கரம் வெடித்தது. ஒட்டு போட்டால் மறுபடியும் வெடித்தது. நடக்க ஆரம்பித்தாள்.

பிறகு மல்லாந்து படுக்க முடியவில்லை. பக்கவாட்டிலும் முடியவில்லை. குப்புறப் படுத்தாள். மேலே கிடந்தது மூச்சு விடும்போதெல்லாம் அவளுடைய மூச்சு வெளியே போனது.

ஒரு சாயங்காலம், கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாம் என்று நினைத்து, மார்பின் மேலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். துணி நழுவித் தரையில் விழுந்தது.

கனம் இறங்கவில்லை.

துணியை எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

தோள்பட்டையைப் பிடித்திருந்த விரல்கள் கழுத்தெலும்புக்கு வந்தன. பிறகு மார்புக்கு. பிறகு இரண்டு கைகளும் அவள் வயிற்றின் மேல் வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. தொட்டுப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. கனமும் இறுக்கமும் மட்டும். பிடரியில் விழுந்த மூச்சு இப்போது உச்சந்தலையில் விழுந்தது. அதில் பால் மணம் இல்லை. மகளே என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. இது யார் என்று தனக்குள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

போர்வை திரும்பி வந்தது. முன்பு காதில் மட்டும் இருந்தது, இப்போது உடம்பிலும். முதலில் விரல்கள் மரத்தன. பிறகு இடுப்புக்குக் கீழே எல்லாம். முள் குத்தினால் தெரியவில்லை, அடுப்புக் கங்கை மிதித்தால் தெரியவில்லை. ஆனாலும் வேலைக்குப் போனாள். பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே. மேற்கு வளவின் இரட்டையர் கன்னம் வைத்திருந்தார்கள். அதிங்கா சுவரைப் பிடித்து நின்றான். அதுபோதும் என்று நினைத்தாள்.

ஏப்ரலில் காற்று நின்றுவிட்டது. மழை இன்னும் வரவில்லை. பாதையில் புழுதி கணுக்கால் ஆழம். எடை போடும் நாள் காலை, லமிசி மரத்தடிக்குக் கிளம்பினாள். தெனி, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, இருபதடி தள்ளிப் பின்னால் வந்தாள். அன்று ஏனோ வந்தாள். துணைக்கு என்று சொன்னாள்.

வழக்கமான பாதைதான். ஆனால் ஊர் வேறு மாதிரி தெரிந்தது. போகும் வழியில் எப்போதும் அவள் கண்ணை மறைக்கும் வளவுச் சுவர்களுக்கு மேலாக, உள்ளே முற்றங்கள் தெரிந்தன. ஒரு முற்றத்தில் மிளகாய் காய்ந்தது. ஒரு முற்றத்தில் ஒரு பெண் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, சுவருக்கு மேல் லமிசியின் முகத்தைப் பார்த்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

நடை இன்று லேசாக இருக்கிறதே என்று லமிசி நினைத்தாள். ஒவ்வொரு அடியும் நீளமாக இருந்தது. களைப்பே இல்லை.

பின்னால் தெனியின் காலடிச் சத்தம் நின்றது.

“ஏன்க்கா நின்னுட்ட?”

வெகுநேரம் கழித்து, தூரத்திலிருந்து வருவதுபோலத் தெனியின் குரல் வந்தது. அழுத குரல்.

“கீழ பாக்காத, லமிசி. அப்படியே போயிடு.”

லமிசி கழுத்தைத் திருப்பினாள். கடந்து வந்த பாதை நீளமாகக் கிடந்தது. புழுதியில் பாதத் தடங்கள். அகலமானவை. நீளமானவை. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம்.

அவளுடைய தடங்கள் இல்லை.

அந்தத் தடங்களுக்கு நடுவே இரண்டு மெல்லிய கோடுகள். ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. வீட்டு வாசலிலிருந்து இங்கேவரை, விடாமல்.

குனிந்து பார்த்தாள்.

வயிற்றை இறுக்கியிருந்த கைகள் இன்னும் கொஞ்சம் இறுக்கின. நிற்க நினைத்தாள். நடை நிற்கவில்லை. முன்னால், டவடவா மரத்தடியில், நாற்பது தாய்மார்கள் வந்து கூடியிருந்தார்கள். யாரும் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிச்சுகளை அவிழ்த்து, கொழுத்த பிள்ளைகளை முதுகிலிருந்து இறக்கி, உடுப்பைக் கழற்றி, தயாராகக் கையில் ஏந்தியிருந்தார்கள். லமிசி கத்த வாய் திறந்தாள். மூச்சு இல்லை. மரம் நெருங்கி வந்தது. அவளுடைய கால்கள் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தன, கட்டைவிரல்களின் நுனி மட்டும் புழுதியைத் தொட்டு, மெதுவாக, அந்தப் பிள்ளைகளை நோக்கி, இரண்டு கோடுகளை இழுத்துக்கொண்டே போனது.